ஹார்ட் சர்ஜன் ஒருத்தர் எப்படி ரயில்ல விஷவாயு விடுற அளவுக்குப் போனாரு?

நிலா77:
டோக்கியோ சப்வே சம்பவம் பத்தி நேத்து படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. 1995 மார்ச் 20, எல்லாரும் ஆபீஸ் போற நேரம், ஓம் ஷின்ரிக்கியோங்கற சாமியார் குழு ஆளுங்க அஞ்சு ரயில்ல சரின்ங்கற நரம்பு விஷம் இருந்த பையை வச்சு குடை முனையால குத்திட்டு இறங்கிட்டாங்க. 14 பேர் போயிட்டாங்க, ஆயிரக்கணக்கான பேருக்கு பாதிப்பு. குத்தினவங்கள்ல இகுவோ ஹயாஷி ஹார்ட் சர்ஜன், இன்னொருத்தர் டோக்கியோ யூனிவர்சிட்டில பிசிக்ஸ் படிச்சவர். இவங்கல்லாம் எப்படிங்க? ஏன் கேக்குறேன்னா என் சித்தி பொண்ணு ஒரு தியான குரூப்ல சேர்ந்து ஆளே மாறிட்டா, வேலைய விட்டுட்டா, சித்தி போன் பண்ணா எடுக்கறதே இல்ல. சித்தப்பா என்னன்னா "கோல்டு மெடல் வாங்கின பொண்ணு, அவளுக்குத் தெரியாதா"ங்கறாரு.

பழைய_வாசகன்:
படிப்பு இதுல காப்பாத்தாதுங்க. அந்தக் குழுவோட குரு அசஹாரா 1984ல டோக்கியோவுல ஷிபுயாங்கற ஏரியாவுல ஆரம்பிச்சது சின்ன யோகா கிளாஸ்தான். அங்க போன நிறைய பேருக்கு நெஜமாவே உடம்பு லேசாச்சு, மனசு அமைதியாச்சு, அதுல பொய் இல்ல. ஆனா இது ஏன் நடக்குதுன்னு விளக்கம் சொல்ற உரிமை குருவுக்கு மட்டும்னு ஒத்துக்கிட்டாங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டாங்க. அப்புறம் துறவுன்னு சொல்லி சொத்த எழுதி வாங்கி, குடும்பத்த அறுத்துவிட்டு, ஃபுஜி மலை பக்கத்துல காமிகுயிஷிக்கி கிராமத்துல இருந்த கட்டடத்துக்குள்ள கொண்டு போயிட்டாங்க. அங்க தூக்கம் கம்மி, சோறு கம்மி, எந்நேரமும் குரு குரல் ஓடுற கேசட்டு, தலையில ஒயரு தொங்குற தொப்பி, குருவோட மூளை அலைய உள்ள ஏத்துதாம். எல்எஸ்டிங்கற போதை மருந்த கலந்து குடுத்துட்டு, வந்த மாயத்தோற்றத்த ஆன்மிக அனுபவம்னு நம்ப வச்சாங்க. அவரு குளிச்ச தண்ணியக் கூட வித்தாங்க. ராத்திரி முழுக்கத் தூங்காத மூளைக்கு எத்தனை டிகிரி இருந்து என்ன பண்றது?

கவிதா_ஆர்:
அதோட, கொலை ஒரே நாள்ல வரல, அதான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. 1988ல தவம்ங்கற பேர்ல ஒரு சீடர பச்சத்தண்ணில முக்கி வச்சதுல அவர் செத்துட்டாரு, வெளிய தெரியாம மறைச்சிட்டாங்க. விஷயம் தெரிஞ்ச இன்னொரு சீடர் நான் கிளம்புறேன்னாரு, 1989 பிப்ரவரில அவரையே கொன்னுட்டாங்க. அதே நவம்பர்ல, பிள்ளைங்கள அந்தக் குழுகிட்ட பறிகுடுத்த பெத்தவங்களுக்காக வாதாடின வக்கீல் சகாமோட்டோ, அவர் மனைவி, கைக்குழந்தை மூணு பேரையும். முன்னாடி செஞ்சத மூட அடுத்தத செய்யணும், அப்படியே போச்சு. கொல்றது செத்தவங்க ஆன்மாவ மேல ஏத்தற புண்ணியம், "போவா"ன்னு அதுக்கு ஒரு தத்துவம் வேற. அந்த ஹயாஷி உள்ள இருந்தப்போ தன் மருத்துவத்த வச்சே மருந்து ஊசி போட்டு, ஷாக் குடுத்து சீடர்களோட ஞாபகத்த அழிச்சவரு. மூளைய ஓரமா வச்சுட்டு போகலங்க, அந்த மூளையத்தான் அவங்களுக்கு வேலை வாங்கிருக்காங்க. சப்வே சம்பவத்துக்கப்புறம் நடந்த போலீஸ் ரெய்டுல ஐம்பது பசங்களுக்கு மேல வெளிய கொண்டு வந்தாங்க, வயசுக்கேத்த வளர்ச்சியே இல்ல. பெத்தவங்க எடுத்த முடிவுக்கு அந்தக் குழந்தைங்க என்ன பாவம் பண்ணுச்சு?

நிலா77:
படிக்கவே முடியல அக்கா. எங்க வீட்டு விஷயத்துல என்ன பண்றது? சித்தப்பா நேர்ல போய் அந்த குருவ நாலு கேள்வி கேக்கறேன்னு நிக்கறாரு.

சேலம்_முருகேசன்:
வேண்டாம்மா, தடுத்துடு. என் தம்பி இப்படி ஒரு இடத்துல இருந்து திரும்பி வந்தவன், அதனால சொல்றேன். குடும்பம்தான் உன் பாதைக்கு தடைன்னு முதல்லயே சொல்லி வச்சிருப்பாங்க, நாம போய் கத்தினா பாத்தியா சொன்னேன்லன்னு ஆயிரும். குருவ பத்தி ஒரு வார்த்தை பேசாத. அம்மா வச்ச மீன் குழம்பு போட்டோ, தெருவுல நாய் குட்டி போட்டது, இப்படி அனுப்பிட்டே இரு, பதில் வராட்டியும் பரவால்ல. என் தம்பி சொன்னான், வெளிய வரணும்னு தோணினப்பல்லாம் எந்த மூஞ்சிய வச்சுட்டு வீட்டுக்குப் போறதுன்னுதான் உள்ளயே கெடந்தானாம். வந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு அந்தப் பொண்ணுக்கு தெரியணும். பணம் மட்டும் கேட்டா குடுக்காதீங்க, மாத்திரை எதாவது நிறுத்த சொன்னாங்களான்னு கேட்டுக்கோ. அடைச்சு வச்சிருக்காங்கன்னு சந்தேகம் வந்தா யோசிக்காம போலீஸ்தான்.

நிலா77:
சரிங்கண்ணா. போன வாரம்தான் சித்தி அவ சின்ன வயசு ஆல்பத்த எடுத்து வச்சு அழுதுட்டு இருந்தாங்க, அதுல இருந்து ஒண்ணு இன்னிக்கே அனுப்பறேன். அவ பேர்ல ஒரு ஃபிளாட் இருக்கு, ஒரிஜினல் பத்திரம் யார் கையில இருக்குன்னு சித்தப்பாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்.