உங்களை உறுத்தும் ஒரு ப்ரிபொசிஷன் (அனுபவம் மட்டும், அட்வைஸ் வேண்டாம்)

மொட்டைமாடி

சென்னையிலிருந்து லண்டனுக்குப் போன ஆபீஸ் மெயிலில் இருந்த வரி: "வீ வில் டூ த டெஸ்டிங் டில் ஃப்ரைடே." வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவோம் என்று நினைத்து எழுதியது. அங்கிருந்து வந்த பதில்: "ஃபைன். ஹூ டேக்ஸ் ஓவர் ஆஃப்டர் தட்?"

வாக்கியத்தில் இலக்கணப் பிழையே இல்லை, அதுதான் கொடுமை. டில் என்றால் வேலை வெள்ளி வரை நீண்டுகொண்டே போகும், வெள்ளியோடு நிற்கும். கெடு சொல்ல பை வேண்டும்: "வீ வில் ஃபினிஷ் த டெஸ்டிங் பை ஃப்ரைடே." நம்மிடம் 'வரை', 'குள்' என்று இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. ஆனால் பேச்சில் "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு" என்றுதான் கெடுவைச் சொல்கிறோம். அந்த 'வரைக்கும்' அப்படியே டில் ஆகிவிடுகிறது.

இதைத் திருத்தப் போய் "வித்தின் ஃப்ரைடே" என்று எழுதுபவர்களும் உண்டு. "5 மணிக்குள்", "5 மணி நேரத்துக்குள்" இரண்டுக்கும் நமக்கு ஒரே 'குள்'தான். ஆங்கிலத்தில் முன்னது பை 5, பின்னது வித்தின் 5 அவர்ஸ். வித்தினுக்குப் பின்னால் கால அளவு வர வேண்டும், நாளின் பெயரை மட்டும் வைத்தால் நிற்காது. பிஃபோர் ஃப்ரைடே என்றால் வியாழனோடு கதை முடிந்தது, அதையும் நினைவில் வையுங்கள்.

கரிசல்காடு

ஒரு புகார் மனு மொழிபெயர்ப்பு. தமிழில் "கல்லால் அடிக்கப்பட்டார்." ஆங்கிலத்தில் "ஹீ வாஸ் ஹிட் பை எ ஸ்டோன்" என்று போட்டிருந்தார்கள். படிப்பவருக்கு எங்கிருந்தோ ஒரு கல் வந்து விழுந்த மாதிரி இருக்கிறது. அடித்த ஆளே மறைந்துபோனார்! "வித் எ ஸ்டோன்" என்று இருந்திருந்தால் கல்லைப் பிடித்த கை ஒன்று தெரிந்திருக்கும்.

கருத்தா, கருவி இரண்டுக்கும் மூன்றாம் வேற்றுமை 'ஆல்' ஒன்றே போதும் நமக்கு. "முருகனால் வெட்டப்பட்டது", "கத்தியால் வெட்டப்பட்டது". ஆங்கிலத்தில் முருகனுக்கு பை, கத்திக்கு வித். சந்தேகம் வந்தால் வாக்கியத்தைச் செய்வினையாகத் திருப்பிப் பாருங்கள். எழுவாயாக வந்து உட்காருவதற்கு பை, அது கையில் எடுத்துக்கொள்வதற்கு வித்.

அரைத்தூக்கம்

"ஐயாம் இன் த பஸ்." வாட்ஸப்பில் தினமும் கண்ணில் படுகிறது. பஸ், ட்ரெயின், விமானம், கப்பல் இதெல்லாம் ஆன். கார், டாக்ஸி, ஆட்டோ இன். எழுந்து நடக்க இடம் இருந்தால் ஆன், அவ்வளவுதான். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்', அதனால்தான் இந்தக் குழப்பம்.

வண்டிமாடு

@அரைத்தூக்கம் அவ்வளவுதான் என்று முடிக்காதீங்க. சைக்கிளில் எழுந்து எங்கே நடப்பீங்க? அதுக்கும் ஆன்தான், குதிரைக்கும் ஆன்தான். காலை இரண்டு பக்கமும் போட்டு ஏறி உட்காருவது தனிக் கணக்கு. "இன் த பஸ்" முழுத் தப்பும் கிடையாது. வெளியே மழை, உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று சொல்லும்போது ஆங்கிலேயரும் இன் போடுவார். பயணத்தைச் சொல்லும்போதுதான் ஆன்.

அடுத்து, தமிழில் 'இல்' ஒன்றுதான் என்று யார் சொன்னது? நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபு சொல்கிறது. கண், மேல், கீழ், உள், முன், பின் எல்லாம் அதில் இருக்கு. பேச்சில் சோம்பல்பட்டு எல்லாத்தையும் 'ல' என்று சுருக்கிவிட்டோம். "மேசைல இருக்கு" என்று சொல்லும்போது மேசை மேலயா, மேசை டிராயருக்குள்ளயா என்று ஒரு நொடி யோசிச்சா பாதி வேலை முடிஞ்சது. மேல் என்றால் ஆன், உள் என்றால் இன். இரண்டும் ஒட்டாமல் வெறும் இடமாக நின்றால் ஆட்: "ஆட் த பஸ் ஸ்டாப்".

எங்கே உதைக்கும் என்றால் சுவரில். "சுவர் மேல் படம்" என்றால் மதில் உச்சியில் வைத்த மாதிரி இருக்கு, ஆனால் ஆங்கிலத்தில் "ஆன் த வால்". கூரையின் அடிப்பக்கம் தொங்கும் பல்லிகூட "ஆன் த சீலிங்"தான். பரப்பில் ஒட்டியிருந்தால் போதும், மேலா கீழா என்று ஆன் பார்ப்பதில்லை. மூலை இன்னொரு வம்பு. அறை மூலைக்குள் நிற்பவன் "இன் த கார்னர்", தெருமுனையில் நிற்பவன் "ஆட் த கார்னர்" அல்லது "ஆன் த கார்னர்".

முந்திரிக்கொத்து

ஐஈஎல்டிஎஸ் அகாடமிக் (வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு), ரைட்டிங் முதல் கேள்வி. 20 நிமிடம், குறைந்தது 150 வார்த்தை. வரைபடத்தில் விலை 40லிருந்து 60க்குப் போகிறது. பயிற்சி விடையில் "த ப்ரைஸ் ரோஸ் டு 20". ஏறிய விலை இறங்கிவிட்டது.

தமிழில் "20 ரூபாய் உயர்ந்தது", "60 ரூபாயாக உயர்ந்தது." முதலாவதில் உருபே இல்லை, ஆங்கிலத்தில் அங்கே பை வர வேண்டும்: ரோஸ் பை 20. இரண்டாவதன் 'ஆக' இருக்கும் இடத்தில் டு: ரோஸ் டு 60. பெயர்ச்சொல்லாக மாற்றினால் எல்லாம் மாறும்: "அன் இன்க்ரீஸ் ஆஃப் 20", "அன் இன்க்ரீஸ் இன் த ப்ரைஸ்". உச்சம் தொட்டால் "பீக்ட் ஆட் 60".

சதவீதம் வந்தால் இன்னும் கவனம். 40 சதவீதம் 60 சதவீதம் ஆனால் "பை 20 பர்சென்ட்" தப்பு. அது 20 பர்சென்டேஜ் பாயிண்ட்ஸ். சதவீதக் கணக்கில் உயர்வு 50.

திண்ணைவாசி

"லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் த பட்ஜெட்." ஒரு மீட்டிங் அழைப்பிதழ். கதை இவ்வளவுதான், மற்றதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

டிஸ்கஸ் என்ற வினைக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. "டிஸ்கஸ் த பட்ஜெட்" போதும். அபவுட் எங்கிருந்து ஒட்டுகிறது என்றால் பெயர்ச்சொல்லிலிருந்து: "எ டிஸ்கஷன் அபவுட் த பட்ஜெட்" சரியான ஆங்கிலம். இதே கோளாறு ஒரு கூட்டத்துக்கே உண்டு. "எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" சரி, "ஐ ரிக்வெஸ்டெட் ஃபார் லீவ்" தப்பு. "அன் ஆர்டர் ஃபார் 2 காஃபீஸ்" சரி, "வீ ஆர்டர்ட் ஃபார் காஃபி" தப்பு. "எம்ஃபசிஸ் ஆன்" சரி, "எம்ஃபசைஸ் ஆன்" தப்பு. லாக் (குறைவு), டிமாண்ட் இரண்டும் இந்த ஜாதிதான்.

ரீச், என்டர், ரிசெம்பிள், அவைட் இவற்றுக்குப் பின்னாலும் எதுவும் வேண்டாம். "சென்னைக்குப் போய்ச் சேர்ந்தேன்" என்பதில் உள்ள 'கு' நம்மை "ரீச்ட் டு சென்னை" என்று தள்ளும். அரைவ் போட்டால் மட்டும் "அரைவ்ட் இன் சென்னை", "அரைவ்ட் ஆட் த ஸ்டேஷன்". என்டருக்கு ஒரு விலக்கு: ஒப்பந்தம் என்றால் "என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்".

'விட' என்றதும் ஆங்கிலத்தில் 'தேன்' (than) போடுபவர்களுக்கு: சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரிஃபர் எல்லாம் டு.

சரிபார்க்க வழி: பெரிய அகராதியில் பொருளைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். லாங்மன், ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் அகராதிகளில் வினையோடு எந்தச் சிறு சொல் சேரும் என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். அதிலும் தீராவிட்டால் கோகா என்ற அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பு, 100 கோடி வார்த்தைக்கு மேல். இரண்டு வடிவத்தையும் தனித்தனியாகத் தேடி எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அது அமெரிக்கா என்பது மறக்கக் கூடாது. லண்டன்காரர் "ஆட் த வீக்எண்ட்" என்பார், அமெரிக்கர் "ஆன் த வீக்எண்ட்" என்பார். நோட்டில் எழுதும்போது வெறும் 'டிபெண்ட்' என்று எழுதவே கூடாது, 'டிபெண்ட் ஆன்' என்று ஒரே சொல்லாக...

மொட்டைமாடி

@திண்ணைவாசி அண்ணே, தலைப்பை ஒருமுறை படிங்க.

திண்ணைவாசி

படிச்சேன் தம்பி. "வரைக்கும்" எப்படி டில் ஆகுதுன்னு முதல் பதிவிலேயே பாடம் எடுத்தது யாரு?

ஒற்றைப்பனை

விண்ணப்பப் பட்டியல் ஒன்றில் "சேர் டு சிட், பென் டு ரைட்". ப்ரிபொசிஷன் தவறாக வரவில்லை, வரவே இல்லை. நம் பெயரெச்சமும் வினையெச்சமும் உருபை விழுங்கிவிடும். "நான் இருக்கும் வீடு" என்பதில் 'இல்' எங்கே? "த ஹவுஸ் ஐ லிவ் இன்" என்று ஆங்கிலம் அதைக் கடைசியில் கொண்டுவந்து வைக்கும். சேருக்கு "டு சிட் ஆன்".

எழுத என்ற ஒரே சொல்லை வைத்துப் பாருங்கள். எழுத பேனா, "டு ரைட் வித்". எழுத பேப்பர், "டு ரைட் ஆன்". எழுத ஒரு விஷயம், "டு ரைட் அபவுட்". கடிதம் எழுத ஒரு ஆள் என்றால் "டு ரைட் டு".