மறு: ஸ்லீப் ஆப்னியா, கையேட்டுக்கு இறுதிச் சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதனால், ஸ்லீப் ஆப்னியாவுக்கு, அதாவது உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மின்னஞ்சல் இழையில் வந்த எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> 'மூச்சுத்தடை' என்றாலே எல்லோருக்கும் புரியும். இன்னும் ஏன் இழுக்க வேண்டும்?

புரியும், சரி. ஆனால் இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, காற்று போகும் வழி மூடிக்கொள்கிறது. நெஞ்சு மூச்சுக்குப் போராடும், காற்று மட்டும் உள்ளே போகாது. மற்றதில் வழி திறந்தே இருக்கும். மூச்சுவிடச் சொல்லி மூளையிலிருந்து கட்டளை வராது. ஆப்னியாவுக்கே 'தடை' என்று பெயர் வைத்துவிட்டால், இரண்டாவதைத் 'தடையில்லா மூச்சுத்தடை' என்று எழுத வேண்டி வரும். சிகிச்சையும் ஒன்றல்ல. கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல்கருவி முதல் வகைக்கு உரியது.

> 'மூச்சின்மை' என்போம். கிரேக்க மூலமும் அதுதான்.

மூலத்துக்கு நேர்தான். ஆனால் மூச்சில்லை என்றால் நம் வழக்கில் ஆள் போய்விட்டார் என்று பொருள். இங்கே 10 விநாடியாவது மூச்சு நின்று, மறுபடி தொடங்குகிறது. நிற்பதையும் குறைவதையும் சேர்த்து எண்ணி, மணிக்கு 5-க்குக் கீழே என்றால் இயல்பு, 30-ஐத் தொட்டால் கடுமை என்கிறார்கள். 'இன்மை'யை எப்படி எண்ணுவது? அதனால்தான் 'மூச்சிடையறவு' என்றேன். 'இடையறாத அன்பு' என்று எழுதுகிறவர்களுக்கு இடையறுதல் புதிதல்ல. 'இடைநிற்றல்' பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

முதல் வகைக்கு ஐயா முன்மொழிந்த 'மிடற்றடைப்பு' பற்றி (மிடறு என்றால் தொண்டை): எழுத்தொலிகள் பிறப்பதைச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியல் 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்று தொடங்கி, தலை, மிடறு, நெஞ்சு என்று காற்று தங்கும் இடங்களையும் நா, அண்ணம் முதலிய உறுப்புகளையும் அடுக்குவதை அவர் எடுத்துக்காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. குறட்டைக்கும் அந்த அண்ணத்தில் பெரும் பங்கு உண்டு. ஆனால் இன்று மிடறு என்றால் ஒரு வாய்த் தண்ணீர்தான். தொண்டை போதும். அறுவை சிகிச்சைப் பக்கத்தில் 'மெல்லண்ணம்' இருக்கட்டும், அதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

நான் விட்டுக்கொடுக்காத இடம் சிபேப் (CPAP), அதாவது முகமூடி வழியே காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை மூடாமல் வைக்கும் கருவி. 'தொடர் நேர்மறைக் காற்றுப்பாதை அழுத்தம்' என்ற வரைவை எடுத்துவிடுவோம். 'நேர்மறை' என்றதும் நல்லெண்ணம்தான் நினைவுக்கு வரும். அங்கே பொருளோ, வெளிக்காற்றைவிட அழுத்தம் கூடுதல் என்பது. 'விரிகாற்றுக் கருவி' அழகான வினைத்தொகை, ஆனால் விரிவது காற்றல்ல, தொண்டை. 1981-இல் காலின் சலிவன் குழுவினர் சிட்னியிலிருந்து வெளியிட்ட இந்த முறைதான் இன்றும் முதன்மைச் சிகிச்சை. இரவுதோறும் அணிந்தால்தான் பலன்; முகமூடி ஒத்துவராமல் கழற்றி வைத்துவிடுகிறவர்கள் நிறைய. பெயரும் சேர்ந்து மிரட்ட வேண்டாம். முதல்முறை 'சிபேப் என்னும் காற்றழுத்தக் கருவி', அப்புறம் வெறும் சிபேப். மருத்துவர் வாயில் அந்தச் சொல்தான் வரப்போகிறது.

நாக்கை அசைக்கும் நரம்பைத் தூண்டும் சிகிச்சைக்கு வைத்த 'நாவடி நரம்புத் தூண்டல்' பற்றி யாரும் மறுக்கவில்லை, எடுத்துக்கொள்கிறேன்.

ஆதரவு எண்ணிக்கையில் 'மூச்சுத்தடை' முந்துகிறது. அச்சில் அதுவே போகும், எனக்கு உடன்பாடில்லை. மூளைக் கட்டளை வராத வகையை அதே பக்கத்தில் எந்தப் பெயரில் எழுதுவது என்று, 'மூச்சுத்தடை'யை ஆதரித்தவர்கள் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்