சுற்றுச்சூழல் மெய்யியலில் முதுகலை: அமெரிக்காவில் எங்கே?

கேள்வி: தாவரவியல் முடித்துவிட்டு முதுமலைப் பக்கம் களப்பணி செய்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து காட்டை மூடும் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கும்போதெல்லாம், எந்த உயிர் இருக்கலாம் என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி துரத்துகிறது. இதைப் படிக்க எங்கே சேரலாம்?

பதில் 1: மிசூலாவில் மொன்டானா பல்கலைக்கழகம். நான் அங்கே படித்தவள். 1995-இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்களைத் திரும்ப விட்டார்களே, அந்தப் பேச்சு வந்தால் வகுப்பே இரண்டுபடும். கன்றை ஓநாய்க்குப் பறிகொடுத்த பண்ணைக்காரரின் கோபத்தையும் முறையான வாதமாக எழுதச் சொன்னார் பேராசிரியர். எனக்கு அதுதான் படிப்பு.

பதில் 2: முனைவர் பட்டம் வரை என்றால் டென்டனில் வட டெக்சஸ் பல்கலைக்கழகம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள், சுற்றுச்சூழல் அறவியலின் முன்னோடி ஹோம்ஸ் ரோல்ஸ்டன் கற்பித்த இடம்.

கேட்டவர்: மெய்யியல் படிக்காதவனைச் சேர்ப்பார்களா?

பதில் 1: தாராளமாக விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தோடு அனுப்பும் மாதிரிக் கட்டுரை வலுவாக இருக்கட்டும். அப்புறம், கற்பித்தல் உதவியாளர் வேலை கிடைக்குமா என்று துறைக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்.