என் படகு இடப்பக்கமாகவே போகும்

அரைத்துடுப்பு:

துடுப்பை நிறுத்திவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தால், பத்து எண்ணுவதற்குள் என் படகு இடப்பக்கம் திரும்பத் தொடங்கிவிடும். காற்றும் இல்லை, நீரோட்டமும் இல்லை. கட்டியவன் செய்த கோளாறு. எந்த நாளில், எந்த அரைமணி நேரத்தில் அது நடந்தது என்பதுகூடத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். முதல் படகை வீட்டிலேயே கட்டி அடிபட்டவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

மூன்றரை மீட்டர் துடுப்புப் படகு. அதற்கு முன் தச்சுவேலை என்று நான் செய்தது ஒரு புத்தக அலமாரி, அதுவும் ஆடும். அடிமரமான ஏரா வைத்து, விலாச் சட்டம் நிறுத்தி, பலகையை வளைத்துப் பொருத்தி, இடுக்குகளில் நீர் கசியாமல் கலப்பத்து அடித்து அடைக்கும் பழைய முறையெல்லாம் நமக்கு ஆகாது என்று தைத்து ஒட்டும் முறைக்குப் போனேன். 6 மி.மீ. பிளைவுட்டை வரைபடத்தில் உள்ளபடி அறுக்க வேண்டும். ஓரங்களில் பத்துப் பதினைந்து செ.மீ.க்கு ஒரு துளை. செப்புக் கம்பியைக் கோத்துக் குறடால் முறுக்க முறுக்க, தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள் எழுந்து நின்று படகாகிவிடும். காலையில் பலகை, மாலையில் படகு. அந்த மயக்கத்தில்தான் தவறு செய்தேன்.

கம்பிக்கட்டில் நிற்கும் படகு கூடை மாதிரி. எந்தப் பக்கம் அழுத்தினாலும் முறுக்கிக்கொள்ளும். மூலைகளில் எபாக்ஸி என்ற இறுகும் பசையைக் களிம்பாக்கி வைத்து, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் நாடா ஒட்டி இறுகவிட்டால் பாறை. இறுகும்போது எந்தக் கோணத்தில் இருக்கிறதோ ஆயுசுக்கும் அதே கோணம்தான். முறுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம். படகின் முன்முனையான அணியத்துப் பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு நேர்ச்சட்டங்களைக் குறுக்கே வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். இரண்டும் இணையாகத் தெரிந்தால் சரி. ஐந்து நிமிட வேலை. நான் செய்யவில்லை. சட்டம் தேடச் சோம்பல், பசை கலக்கக் கை பரபரப்பு. கண்ணுக்கும் நேராகத்தான் தெரிந்தது. படகைத் தாங்கிய கட்டைகளில் ஒன்றுக்கு ஒரு கால் தாழ்ந்திருந்ததை அப்போது கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பின்னிருக்கைப் பலகையைப் பொருத்தியபோது நாலு முனையும் சேர்ந்து உட்காரவில்லை. கோணல் பலகையில்தான் என்று நினைத்து இழைத்தேன். அப்புறமும் ஆடியது. மறுபடி இழைத்தேன். மூன்றாவது முறைதான் சந்தேகம் வந்து நேர்ச்சட்டங்களை எடுத்தேன். ஒரு முனையில் இரண்டு விரல்கடை வித்தியாசம். அந்த முறுக்குதான் படகை இடப்பக்கம் திருப்புகிறது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

இழைப்புளி:

உங்களுக்கு இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. எனக்கு மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் என் பலகை மேசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பிளைவுட் தாள் 2.44 மீட்டர்தான் வரும். படகு அதைவிட நீளம் என்றால் இரண்டு தாள்களை இணைத்தாக வேண்டும். இரண்டு ஓரங்களையும் சரிவாக இழைத்து, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஒட்டுகிற இணைப்பு. தடிமனைப் போல எட்டு மடங்கு சரிவு வேண்டும், அதாவது 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. கேட்கும்போது பயமாக இருக்கும், ஆனால் எல்லா வேலையிலும் எனக்குப் பிடித்தது இதுதான். இழைக்க இழைக்கப் பிளைவுட்டின் அடுக்குகள் பட்டை பட்டையாக வெளியே தெரியும். பட்டைகள் நேராகவும், ஒவ்வொன்றும் முழு நீளத்துக்கும் ஒரே அகலமாகவும் இருந்தால் சரிவு சரி. கோணலாக ஓடினால் எங்கே அழுத்திவிட்டோம் என்று மரமே காட்டிக்கொடுக்கும். அளவுகோலே தேவையில்லை.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்துவிட்டு, இணைப்புக்கு அடியில் பாலித்தீன் தாள் விரிக்க மறந்துவிட்டேன். வழிந்த எபாக்ஸி மேசையைப் பிடித்துக்கொண்டது. பலகையைக் காப்பாற்ற மேசையின் மேல்பலகையை அறுத்தேன். அது சாப்பாட்டு மேசை. மற்றபடி இணைப்பு அருமையாக வந்திருந்தது.

உப்புத்தாள்:

எபாக்ஸி பற்றிப் பேச்சு வந்ததால் என் அனுபவம். முதல் நாள் ஒரே டப்பாவில் அரைக் கிலோவுக்கும் மேல் கலந்தேன். அடிக்கடி கலக்கும் தொல்லை வேண்டாம் என்ற புத்திசாலித்தனம். பாதி வேலையில் டப்பா கையைச் சுட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புகைந்து, நுரைத்து, பிளாஸ்டிக் டப்பா இளகிச் சாய்ந்தது. வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு எட்ட நின்றேன். எபாக்ஸியின் இரண்டு பாகங்களான ரெசினும் ஹார்ட்னரும் சேரும்போதே சூடு பிறக்கிறது. மொத்தமாகக் குவிந்திருந்தால் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற இறுகும் வேகமும் ஏறும், வேகம் ஏற ஏறச் சூடும் ஏறும். அதே அளவைத் தட்டையான தட்டில் ஊற்றிப் பரப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கிறேன்.

அதைவிட மோசமான தவறு இன்னொன்று. குளிர்நாளில் சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றினேன். இன்னொரு வகையான பாலியெஸ்டர் ரெசினில் வினையூக்கியைச் சொட்டுக் கணக்கில் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். அந்தப் பழக்கத்தை எபாக்ஸிக்குக் கொண்டுவந்துவிட்டேன். எபாக்ஸியில் ஹார்ட்னர் சும்மா தூண்டிவிடும் பொருள் அல்ல, ரெசினோடு அளவாகச் சேர வேண்டிய மறுபாதி. கூடினாலும் குறைந்தாலும் அது முழுசாக இறுகாது. ஒரு வாரம் கழித்துத் தொட்டால்கூடப் பிசுபிசுப்பு. முழுப் பக்கத்தையும் சூடுகாட்டிச் சுரண்டி எடுத்தேன், மூன்று நாள். தராசு வைத்து எடைபோட்டுக் கலப்பது அதற்கப்புறம் வந்த பழக்கம்.

கையுறை விஷயத்தில் மட்டும் நான் யாரோடும் விளையாடமாட்டேன். ஆரம்பத்தில் வெறுங்கையோடு வேலை செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது மாதம் மணிக்கட்டில் தடிப்பு. எபாக்ஸி ஒவ்வாமை அப்படித்தான், திடீரென்று ஒருநாள் வரும், வந்தால் போகாது. இப்போது பக்கத்து அறையில் யாராவது கலந்தாலே எனக்கு அரிக்கிறது.

கதவுக்கு_வெளியே:

சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டுவதற்கு முன்பே கதவை அளந்துவிட்டேன், வீட்டுக்குள் கட்டிய படகு கதவு வழியே வராத அந்தப் பழைய நகைச்சுவை நமக்கு நடக்கக்கூடாது என்று. படகைச் சாய்த்து எடுத்தால் இரண்டு விரல் இடைவெளி. அளந்தது வெறும் கூட்டை. மேல்விளிம்பில் இரண்டு பக்கமும் பட்டை வைப்போம் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நிலையைப் பெயர்த்துத்தான் வெளியே எடுத்தோம். வீட்டில் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஈரக்கால்:

எனக்குப் பிளைவுட்டில் அடி. கடல்தரம் என்று சொல்லி விற்றார்கள், நம்பி இரண்டு பக்கப் பலகைகளையும் அறுத்துவிட்டேன். பிஎஸ் 1088 என்ற தர முத்திரை இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாத காலம். மிச்சத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, காயவைத்து, மறுபடி கொதிக்கவிட்டேன். இரண்டாவது முறை வெளியே எடுத்தபோது அடுக்குகள் புத்தகப் பக்கம் மாதிரி விரிந்தன. அறுத்த பலகைகளை என்ன செய்வது? நல்ல பிளைவுட் வாங்கி, இவற்றை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு அறுத்தேன். அளவுச் சட்டமாக அவ்வளவு நன்றாக உழைத்தன.

கரைநின்றவர்:

இதையெல்லாம் படித்தால் ஆரம்பிக்கவே பயமாக இருக்கிறது. எனக்கும் மர அனுபவம் கிடையாது. நல்லபடியாக முடித்தவர்கள் யாராவது உண்டா?

இழைப்புளி:

நிறைய உண்டு, அவர்கள் எழுதுவதில்லை, படகில் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகு வந்தது. டெய்லி மிரர் நாளிதழ் ஆதரவில் வந்ததால் அந்தப் பெயர். வடிவமைத்தவர்கள் இருவர். ஜாக் ஹோல்ட் படகு வல்லுநர். பாரி பக்னல் தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைச் செய்து காட்டியவர். நீளம் 3.3 மீட்டர், பாய் சிவப்பு, பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து ஒட்டுவது. எழுபதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டுவிட்டது. அதில் பாதிப் பேராவது நம்மைப் போலத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

படகைத் தைப்பதும் புதிசு இல்லை. கிசா பிரமிடின் அடியில் 1954இல் கண்டெடுத்த கூஃபு மன்னரின் கப்பல் 43 மீட்டர் நீளம், சுமார் 4,500 ஆண்டுப் பழமை. அதன் பலகைகளைக் கயிற்றால் தைத்துத்தான் சேர்த்திருந்தார்கள். அவர்களுக்குக் கையுறைப் பிரச்சினை இல்லை.

உப்புத்தாள்:

நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்திருப்பார்களா?

அரைத்துடுப்பு:

என்னைவிடப் பொறுமைசாலிகளாகத்தான் இருந்திருப்பார்கள்.

கரைநின்றவருக்கு: ஆரம்பியுங்கள். தையல் முடிந்த அன்று மட்டும் பசை டப்பாவைத் திறக்காதீர்கள். அன்றிரவு படகை அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலை நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள், அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நடுவில் ஒரு நூல் கட்டியும் பாருங்கள். கோணல் இருந்தால் இரண்டு கம்பியைத் தளர்த்தி ஒரு மூலையில் ஆப்பு வைத்தாலே நேராகிவிடும். நான் அடிப்பக்கம் பின்னால் மீனின் துடுப்பு மாதிரி ஒரு சிறு பலகை சேர்த்துப் பார்த்தேன். திரும்புவது பாதியாகக் குறைந்தது, போகவில்லை.

மிதக்கவிட்ட நாளில் வீட்டில் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முறுக்கு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. என் மகள்தான் கால்மணி நேரத்தில் கண்டுபிடித்து, அதற்கு ஒரு வழியும் சொன்னாள். அன்றிலிருந்து ஏரியை நாங்கள் இடஞ்சுழியாக மட்டும்தான் சுற்றுகிறோம்.