கோடையில் இதமான சூட்டோடு நீந்தக்கூடிய தண்ணீர்: ஒன்ராறியோ ஏரிகளில் எங்கள் அனுபவங்கள்

ஸ்காபரோவிலிருந்து:

வெயில் 30 பாகையைத் தாண்டிவிட்டது, தண்ணீரும் அதற்கேற்ற சூட்டில் இருக்கும் என்ற நம்பிக்கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒன்ராறியோ ஏரிக்குப் புறப்படும் குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பிளஃபர்ஸ் பூங்காக் கடற்கரையில் ஒரு யூலை மாத வார இறுதியில் என் பிள்ளைகள் மாலை வரை தண்ணீரை விட்டு வெளியே வர மறுத்தார்கள். அடுத்து வந்த நாள்களில் மேற்குக் காற்று விடாமல் வீசியது. வெயிலோ சற்றும் குறையவில்லை. மறுபடியும் அதே இடத்துக்குப் போனபோது, கணுக்கால் அளவு தண்ணீரில் சிறிது நேரம் நின்றதற்கே கால் விறைத்து வலி எடுத்தது.

இது இந்த ஏரியின் இயல்பு. பூமியின் சுழற்சியினால் வட அரைக்கோளத்தில், காற்றினால் தள்ளப்படும் மேல்நீர் காற்றுப் போகும் திசைக்கு வலப்புறமாக விலகுகிறது; ஆகவே மேற்குக் காற்று ஓரிரு நாள் தொடர்ந்து வீசினால், ரொறன்ரோ அமைந்திருக்கும் வடகரையின் சூடான மேல்நீர் நடு ஏரியை நோக்கி நகர, அதன் இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. இந்த ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர், அதிகபட்ச ஆழம் 244 மீற்றர். அடியில் நடுக்கோடையிலும் தண்ணீர் ஏறத்தாழ 4 பாகையில்தான் கிடக்கிறது. அது கரைக்கு வரும்போது 20 பாகையிலிருந்த தண்ணீர் ஒரே நாளில் 10 பாகைக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு.

இதை வெறும் அசௌகரியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 15 பாகைக்குக் குறைந்த தண்ணீரில் திடீரென்று குதித்தால் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுக்கிறது. அந்தக் கணத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தப்புவது கடினம். யாழ்ப்பாணத்துக் காரைநகர் கசூரினாக் கரையில் நீந்திப் பழகிய நம்மவர்கள் பலர் தங்கள் நீச்சல் திறமையை நம்பி இங்கே இறங்குவதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. கயிற்றில் கட்டிய மிதக்கும் வெப்பமானி ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்கிறேன். கரையோர நுரையில் அளந்து பயனில்லை. இடுப்பளவு ஆழத்தில் சில நிமிடங்கள் விட்டுப் பார்க்க வேண்டும். போட்டி நீச்சல் தடாகங்களின் நீர் 25 முதல் 28 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஏரியில் 22 பாகை கிடைத்தால் பெரியவர்கள் நிம்மதியாக நீந்தலாம். சிறுபிள்ளைகள் நெடுநேரம் விளையாட 24 வேண்டும் என்பது என் கணிப்பு.

ஆகவே நான் இப்போது முதலில் பார்ப்பது ஆழத்தை. ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவில் உள்ள வசாகா கடற்கரை 14 கிலோமீற்றர் நீளமான நன்னீர்க் கரை. அங்கே மணல்திட்டுகளின் மேல் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டுவதில்லை, அந்த மெல்லிய நீர்ப்படை வெயிலில் விரைவாகச் சூடேறிவிடுகிறது. காலத்தையும் கவனிக்க வேண்டும். ஏரி மெதுவாகச் சூடேறி மெதுவாகவே குளிர்வதால், யூலை இறுதியிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சச் சூடு. செப்ரெம்பர் முதல் வாரத்துத் தண்ணீர் யூன் மாதத் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

லண்டன், ஒன்ராறியோவிலிருந்து:

அண்ணா ஆழத்தைப் பற்றி எழுதியதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். நாங்கள் போகும் போர்ட் ஸ்ரான்லி, ஈரி ஏரியின் கரையில் இருக்கிறது. பேரேரிகள் ஐந்தில் ஆழம் குறைந்தது ஈரிதான்; சராசரி 19 மீற்றர், அதன் மேற்குப் பகுதியில் அதிலும் பாதியில்லை. கோடையில் ஐந்திலும் அதிகமாகச் சூடேறுவதும் அதுவே. ஆனால் அந்தச் சூட்டோடு பாசியும் வருகிறது. 2014 ஓகஸ்டில் மேற்கு ஈரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சினால் அமெரிக்காவின் ரொலிடோ நகரத்து மக்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் இருந்ததை நினைவில் வைத்திருங்கள். தண்ணீரின் மேல் பச்சைச் சாயம் ஊற்றியது போன்ற படலத்தைக் கண்டால், எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருந்தாலும் நாங்கள் இறங்குவதில்லை. விலங்குகளுக்கும் அந்த நஞ்சு ஆகாது என்பதால் நாயையும் விடுவதில்லை.

கிராண்ட் பெண்ட் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அது ஹியூரன் ஏரியின் கிழக்குக் கரை. ஆகவே ரொறன்ரோவில் மேற்குக் காற்று செய்யும் வேலையை அங்கே வடகாற்று செய்கிறது.

மார்க்கத்திலிருந்து:

புரூஸ் தீபகற்பத் தேசியப் பூங்காவின் குகைக் கரைக்கு நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். படங்களில் தெரியும் அந்தப் பச்சை கலந்த நீலத் தண்ணீரைக் கண்டு நாங்களும் போனோம். அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஜோர்ஜியன் குடாவின் ஆழம் அங்கே பாறையோரத்திலேயே தொடங்கிவிடுகிறது, ஓகஸ்டில்கூடத் தண்ணீர் உடலை நடுங்க வைக்கிறது. என் கணவர் இறங்கிய வேகத்தில் ஏறிவந்தார். பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தக் குகைக்குப் போகும் நடைபாதையே சைப்ரஸ் ஏரியின் அருகில்தான் தொடங்குகிறது என்பதை அநேகர் கவனிப்பதில்லை. கரையிலிருந்து உள்ளே தள்ளி, காட்டுக்கு நடுவே இருக்கும் சிறிய ஏரி அது. குடாவின் குளிர்நீர் அதற்குள் வருவதில்லை. வெயில் கொடுக்கும் சூடு அங்கேயே தங்குகிறது. அரை மணி நேரம் திரும்பி நடந்து அங்கே இறங்கியபோது, அழுத பிள்ளைகளே கரையேற மறுத்தார்கள். அதே பூங்காவின் மேற்குப் பக்கத்தில், ஹியூரன் ஏரியை நோக்கிய டோர்கஸ் குடாவில் 'சிங்கிங் சாண்ட்ஸ்' என்ற மணற்கரையும் உண்டு. முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே நெடுந்தூரம் நடக்கலாம். நீந்த வேண்டுமென்றால் வெகுதூரம் போக வேண்டியிருக்கும், ஆனால் சிறுபிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடத்தை அந்தப் பக்கத்தில் நான் காணவில்லை. ஒரே நாளில் ஒரே பூங்காவுக்குள் இந்த மூன்று தண்ணீரையும் தொட்டுப் பார்த்த பிறகு, நான் படத்தைப் பார்த்து இடம் தெரிவுசெய்வதை விட்டுவிட்டேன்.

என் அம்மாவுக்கு எழுபது வயதாகிறது. மூட்டு வலியோடு தண்ணீரில் சற்று நேரம் இருக்க ஆசைப்படுகிறார். ஆழமும் அலையும் குளிரும் இல்லாத இடம் எதையாவது யாரேனும் சொன்னால் நன்றி உடையவளாக இருப்பேன்.

மீண்டும் ஸ்காபரோவிலிருந்து:

தங்கச்சி, பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் உள்ள சாண்ட்பாங்ஸ் மாகாணப் பூங்காவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்ராறியோ ஏரியை நோக்கிய பெருங்கரையில் காற்று மாறினால் நான் மேலே சொன்ன குளிர் வரும். ஆனால் கிழக்கு ஏரியின் தண்ணீரை வெளியே கொண்டுவரும் அவுட்லெட் ஆறு அதே கரையில் வந்து கலக்கிறது; அது ஆழமற்ற, மெதுவாக ஓடும், வெயிலில் காய்ந்த தண்ணீர். மணற்குன்றுகளுக்கு அப்பால் மேற்கு ஏரியும் பெருங்கரையைவிடச் சூடானதுதான், என்றாலும் அங்கே மணல் திடீரென்று ஆழத்துக்குச் சரியும் இடங்கள் இருப்பதால் நடை தளர்ந்தவர்களுக்கு ஆறே பாதுகாப்பு.

பெருமழை பெய்த பின் இரண்டு நாள் பொறுத்திருங்கள். நிலத்தின் அழுக்கெல்லாம் அப்போதுதான் தண்ணீரில் சேர்கிறது. ரொறன்ரோ நகரம் 100 மில்லிலீற்றர் நீரில் 100 ஈ. கோலி (மலக் கழிவைக் காட்டும் பாக்டீரியா) என்ற கடுமையான வரம்பை வைத்துத் தன் கடற்கரைகளைச் சோதித்து முடிவை வெளியிடுகிறது, மாகாணத்தின் பொது வரம்போ 200. ஆழமற்ற சூடான நீரில் நத்தைகளிலிருந்து வரும் ஒட்டுண்ணியினால் சிலருக்குத் தோலில் அரிப்பு ஏற்படும். கரையேறியவுடன் துவாயால் உடலை நன்றாகத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு போனால் அன்றைய வெயிலின் சூடு முழுவதும் தண்ணீரில் சேர்ந்திருக்கும். உங்கள் அம்மாவுக்கு அந்த நேரம்தான் பொருந்தும்.