மறு: ஃப்ளர் டி லீ - தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழில் தயாரிக்கும் சாரணர் கையேட்டில், சாரணர் சின்னத்தில் உள்ள ஃப்ளர் டி லீ என்ற மூவிதழ் உருவுக்கு 'அல்லி' போதும் என்று நாகர்கோவில் அண்ணாச்சி எழுதியிருக்கிறார். எனக்கு ஒப்பவில்லை. அல்லி என்றால் நம் பிள்ளைகள் குளத்தில் பார்க்கிற பூ, அடுக்கடுக்காக விரிந்து கிடக்கும். சின்னத்தில் இருப்பதோ நிமிர்ந்த நடு இதழ் ஒன்று, வெளியே வளைந்து இறங்கும் பக்க இதழ் இரண்டு, இடுப்பில் ஒரு பட்டை. 'லீலி' என்று வைத்தால் கோட்டாறு பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தோணியார் சுரூபத்தின் கையில் இருக்கிற வெள்ளைப் பூதான் நினைவுக்கு வரும். காந்தளை முன்மொழிந்தவருக்கு: மாநில மலர் மேல் பாசம் இருக்கட்டும், ஆறு இதழை எப்படி மூன்றாக்குவது?

பூவைத் தேடுவதையே விட்டுவிடலாம் என்கிறேன். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இதை எடுத்தது தோட்டத்திலிருந்து அல்ல, நிலப்படத்திலிருந்து. பழைய வரைபடங்களிலும் திசைகாட்டிகளிலும் வடக்கைக் காட்ட இந்த உருவைத்தான் போடுவார்கள். இந்தியாவில் குதிரைப்படை அதிகாரியாக இருந்தபோது, வேவுப் பயிற்சி முடித்த வீரர்களுக்கு இதைத்தான் அடையாளமாகக் கொடுத்தார். பிறகு 1907-இல் பிரௌன்சீ தீவு முகாமில் பையன்களுக்கும் பித்தளையில் இதே உரு. சாரணன் என்றாலே ஒற்றன்தானே, பொருத்தம்தான்.

ஆகவே 'திசைமடல்'. தாழை மடல் பார்த்த யாருக்கும் அந்த வளைவு விளங்கும். (மடலாடற் குழுவில் மடலைப் பற்றியே மடல் எழுதுகிறோம் என்று யாரும் கிண்டலடிக்க வேண்டாம்.)

---

சார், திசைமடல் கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒரு சிக்கல். சாரணியர் சின்னத்தில் மூன்று இலை இருக்குல்லா, அதன் நடு நரம்பும் திசைகாட்டி முள்தான். அப்போ திசை இரண்டிலும் வந்துருது. பாரத சாரண சாரணியர் சின்னத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவில் அசோகச் சக்கரத்தோடு நிற்கும். பிள்ளைகள் குழம்பாதா?

இன்னொன்று. முதல் வரைவில் 'நட்சத்திரங்களின் பத்து முனைகள் பத்து விதிகள்' என்று இருக்கு. அது நட்சத்திரங்கள் உள்ள உலகச் சாரணர் சின்னத்துக்குத்தான். நம்ம பாரத சாரணர் விதி ஒன்பது. அந்த வரியை உலகச் சின்னத்தோடு நிறுத்தணும்.

---

விதிக் கணக்கைத் திருத்திவிடுகிறேன், நன்றி.

குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். ஒன்று மடல், மற்றது இலை. சாரணியருடையதை 'மூவிலை' என்போம். மூவிலைச் சூலம் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. இதழானாலும் இலையானாலும் மூன்று என்பது உறுதிமொழியின் மூன்று பகுதிகள்தான்: கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறருக்கு உதவி, விதிக்குக் கீழ்ப்படிதல்.

மிச்சம் இருப்பது உலகச் சின்னத்தைச் சுற்றியிருக்கும் கயிற்றின் அடியில் உள்ள ரீஃப் முடிச்சு. 'பிரியா முடிச்சு' என்று ஒருவர் எழுதியிருந்தார். சகோதரத்துவம் என்ற பொருளுக்குச் சரி, முடிச்சுக்குச் சரியில்லை. இரு பக்கமும் சேர்த்து இழுத்தால் இறுகும். ஒரு நுனியை மட்டும் பின்னோக்கி வெடுக்கென இழுத்துப் பாருங்கள், முடிச்சு புரண்டு மற்றக் கயிற்றிலிருந்து வழுக்கிக் கழன்றுவிடும். பாரம் தூக்க இரண்டு கயிற்றை இதனால் இணைத்தால் குளச்சல் கடற்கரையில் சிரிப்பார்கள். காற்று மிஞ்சும்போது படகின் பாயைச் சுருக்கிக் கட்டவும் காயத்துக்குக் கட்டுப் போடவும்தான் இது. தட்டையாகப் படியும், வேண்டும்போது அவிழ்க்கலாம். 'பாய்முடிச்சு' என்று போடுகிறேன். படுக்கிற பாயா என்று கேட்கிற பையனுக்கு ஆசிரியர் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

மறுப்பு இருந்தால் கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.