கார்கில் டைம்ல ஊருக்கு வந்த பாடிக்கு கார்ட் நின்னவன் ‘போர்ல இருந்தேன்’னு சொல்லலாமா, கூடாதா?

பழைய_பிகிலர்
போன ஜூலை 26 எங்க தாலுகாவுல கார்கில் நாள் வச்சாங்க. முன் வரிசையில கார்கில்ல இருந்தவங்களுக்குன்னு தனியா சேர் போட்டிருந்தாங்க, ஒருத்தர் என்னையும் கூப்பிட்டு அங்க உக்கார வச்சார். இன்னொருத்தர் மைக்லயே "அவர் மேல சண்டை நடந்த மலைக்கு போகல, ஊர்ல சாவுக்கு பிகில் ஊதினவர், அந்த சேரை விடச் சொல்லுங்க"ன்னுட்டார். பேசாம எந்திரிச்சு பின்னாடி போயிட்டேன். ஆனா இன்னும் மனசு ஆறல, அதான் இங்க கேக்குறேன்.

நான் ராணுவ பேண்ட்காரன், பிகில்ங்கிற ஊதுகொம்பு ஊதுறவன். பேண்ட்னா பரேட்ல ஊதுறது மட்டும்தான்னு வெளில நெனைப்பாங்க, சண்டை வந்தா ஸ்ட்ரெச்சர் தூக்குறது எங்க வேலை, அதுக்கு ட்ரெயினிங் எடுத்திருக்கோம். 99ல எங்க பேண்ட்ல பாதிப்பேர் மேல சண்டைக்கு போயிட்டாங்க. நான் முட்டி ஆபரேஷன் ஆகி லோ மெடிக்கல் கேட்டகரியில, அதாவது களத்துக்கு அனுப்ப முடியாத உடம்புன்னு கெடந்தேன், தெக்க ஒரு ஸ்டேஷனுக்கு அட்டாச் பண்ணி விட்டுட்டாங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆறு ஊர், ஆறு பெட்டி. கூட வந்த பார்ட்டியில எல்லாரும் வடக்கத்திக்காரங்க, தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான், அதனால பிகில் மட்டும் இல்ல, குடும்பத்துக்கிட்ட பேசுறதும் என் தலையில விழுந்துச்சு.

இது போர் வேலை இல்லன்னா வேற என்ன வேலைன்னு யாராச்சும் சொல்லுங்க.

திராஸ்_99
வணக்கம் அண்ணே. உங்க மேல கோபம் இல்ல, ஆனா மைக்ல சொன்னவர் சொன்ன விதம்தான் தப்பு, விஷயம் தப்பில்ல. நான் இன்ஃபன்ட்ரி, காலாட்படை, ஜூன் ஜூலை ரெண்டு மாசமும் கார்கில் சண்டை நடந்த திராஸ்ல இருந்தேன். 527 பேர் போனாங்க, அதுல சில பேரை நான் பேர் சொல்லி கூப்பிட்டு பழகினவன். கார்கில் போருக்கான ஆபரேஷன் விஜய் ஸ்டார் பதக்கம் யாருக்குக் கொடுத்தாங்க, அந்த ஏரியாவுல இருந்தவங்களுக்குத்தானே, அதுக்கு ஒரு காரணம் இருக்குல்ல. குண்டு வர்ற எடத்துல நின்னவனும் ஏர்போர்ட்ல நின்னவனும் ஒரே வரிசைன்னா எனக்கு மனசு ஒப்பல.

இன்னொன்னும் சொல்லிடுறேன். எங்க செக்‌ஷன் பையன் ஒருத்தனோட பாடிக்கு எஸ்கார்ட்டா நானே ஊர் வரைக்கும் வந்தேன். ஸ்ரீநகர்ல ஏத்தி, டெல்லியில மாத்தி, அப்புறம் ட்ரக்ல ஊர், அது வரைக்கும் பெட்டிய விட்டு நகரல. அங்க வந்த கார்ட் பார்ட்டி எல்லாம் சரியாத்தான் செஞ்சாங்க, ஃபயர் பண்ணாங்க, சல்யூட் அடிச்சாங்க. முடிஞ்சதும் ட்ரக்குக்கு பின்னாடி பீடிய பத்த வச்சிட்டு சிரிச்சிட்டு நின்னாங்க. சிதை இன்னும் எரிஞ்சிட்டு இருக்கு. 25 வருஷம் தாண்டிருச்சு, அந்த சிரிப்பு சத்தம் எனக்கு போகல.

பழைய_பிகிலர்
தம்பி, நீங்க பார்த்தது நாங்களா வேற பார்ட்டியான்னு தெரியாது, ஆனா நாங்களும் ட்ரக்குக்கு பின்னாடி சிரிச்சிருக்கோம், மறைக்க மாட்டேன். ஒரு வாரத்துல ரெண்டாவது ஊர், பெட்டியில வச்ச ஐஸ் உருகி பேரர்ஸ் ஆறு பேர் தோள்லயும் வழிஞ்சிருக்கு, அந்த யூனிஃபார்மோடயே நாலு மணி நேரம் திரும்பணும். அப்போ எவனாச்சும் சம்பந்தமே இல்லாம ஒன்னு சொல்லுவான், சிரிப்போம், இல்லன்னா அவன் அவன் ட்ரக்குல இருந்து குதிச்சிருப்பான். ஆனா அந்த எடத்துல ஒரு எஸ்கார்ட் பையன் நின்னு பார்க்குறான்னு யோசிக்காதது எங்க தப்புதான். அதுக்கு மன்னிப்பு கேட்டுக்கிறேன்.

வரலாறு_செல்வா
ரெண்டு பேரும் பெரியவங்க, குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், ஆனா இந்த விவாதத்துக்கு அடியில வேற கேள்வி ஒன்னு இருக்கு. 99க்கு முன்னாடி பாடிய ஊருக்கு அனுப்புற வழக்கமே பெருசா கிடையாது. 62, 65, 71 போர் மூணுலயும் பெரும்பாலும் களத்துக்கு பக்கத்துலயே எரிச்சாங்க இல்ல புதைச்சாங்க. லடாக்ல சீனாக்காரங்களோட சண்டை நடந்த ரெசாங் லா கணவாயில 1962 நவம்பர் 18 விழுந்தவங்கள அடுத்த வருஷம்தான் பனிக்குள்ள கண்டுபிடிச்சாங்க, துப்பாக்கி கையில இருந்தபடியே. பக்கத்துல சுசூல்ல வச்சு எரிச்சாங்க, அவங்க கமாண்டர் மேஜர் ஷைத்தான் சிங் உடம்பு மட்டும் ஜோத்பூர் போச்சு. 71ல பரம் வீர் சக்ரா வாங்கின அருண் கேத்தர்பால், 21 வயசு, டிசம்பர் 16 விழுந்தார், 17 ஜம்முவுல சாம்பா பக்கத்துல எரிச்சாச்சு, வீட்டுக்கு விஷயம் தெரிஞ்சது 26ஆம் தேதி, சாம்பல்தான் போச்சு.

என் கருத்து, கூட நின்னு சண்டை போட்டவனே எரிக்கிறதுதான் பெரிய மரியாதை. 99ல ஊர் ஊரா பெட்டி வர ஆரம்பிச்சதும் டிவி கேமரா வந்துச்சு, மந்திரி வந்தார், கட்சிக்கொடி கட்டின கார் வந்துச்சு. பிகில் ஊதுறவரும் அந்த காட்சிக்குள்ள ஒரு ஆளா ஆயிட்டார்னுதான் நான் சொல்வேன்.

திராஸ்_99
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மேல நாங்க பாகிஸ்தான் பையங்களையும் புதைச்சிருக்கோம். நிறைய பேரோட பாடிய வாங்க மாட்டேன்னு அவங்க அரசாங்கமே சொல்லிருச்சு. நம்ம சைடு மௌல்வி தொழுகை நடத்தினார், நாங்க அட்டென்ஷன்ல நின்னோம். கல்லும் காத்தும் தவிர அங்க ஒன்னும் இல்ல. மரியாதைக்கு கூட்டமோ கேமராவோ வேணும்னு இல்ல.

ஏழு_வயசுல
அப்பா 99ல போனார். எந்த ஊர்னு சொல்ல விருப்பம் இல்ல.

செல்வா சார், சாம்பல் மட்டும் வந்திருந்தா எங்க அம்மா இன்னைக்கு வரைக்கும் நம்பியிருக்க மாட்டாங்க. வேற யாரோடதோன்னு சொல்லிட்டே இருந்திருப்பாங்க. திருச்சி மேஜர் சரவணன் கார்கில் பக்கம் படாலிக்ல மே 29 விழுந்தார், உடம்ப மேல இருந்து ஜூலைலதான் எடுக்க முடிஞ்சுது, ஒரு மாசத்துக்கு மேல அந்த வீடு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. களத்துலயே எரிக்கிறது சண்டை போட்டவங்களுக்கு மரியாதையா இருக்கலாம், வீட்டுல இருக்கறவங்களுக்கு அது முடியாத கதை.

ஆனா பிகிலர் சார், உங்க பக்கமும் நான் பேச மாட்டேன். அந்த குண்டு சத்தத்தை நான் மன்னிக்கல. எனக்கு ஏழு வயசு, யாரும் முன்னாடி சொல்லல. முதல் சத்தம் கேட்டதும் அப்பாவ மறுபடி சுடுறாங்கன்னு நெனச்சேன், ஓடிப்போய் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டேன். மூணு தடவையும் அங்கதான் இருந்தேன், வெளில வந்தப்போ தீ வச்சிட்டாங்க. கடைசியா முகம்கூட பார்க்கல.

கேள்வி_ராஜா
இதுக்காகத்தான் இந்த மொத்த சடங்கையும் நான் எதிர்க்கிறேன். 21 குண்டு முழங்க அடக்கம்னு பேப்பர்ல தலைப்பு போட்டா ஊருக்கே பெருமையாயிடுது, ஏன் செத்தான், அவ்வளவு உயரம் வரைக்கும் பாகிஸ்தான்காரங்க ஏறி வந்து உக்கார்ற வரைக்கும் ஏன் யாரும் பார்க்கலங்கிற கேள்வி அந்த சத்தத்துல அமுங்கிப்போயிடுது.

பழைய_பிகிலர்
ராஜா தம்பி, முதல்ல அந்த 21 குண்டு கதை. 21 குண்டுங்கிறது பீரங்கியில ஜனாதிபதிக்கு கொடுக்கறது. நாங்க செய்றது ரைஃபிள்ல மூணு வாலி, அதாவது எல்லாரும் ஒரே நேரத்துல சுடுறது, அதுவும் பிளாங்க் ரவுண்ட், குண்டு இல்லாத தோட்டா, எத்தனை பேர் நின்னாலும் மூணு தடவைதான். எஸ்எல்ஆர் ரைஃபிள்ல பிளாங்க் போட்டா அதுவா அடுத்த ரவுண்ட் ஏறாது, ஒவ்வொரு தடவையும் கையால பின்னாடி இழுத்து காக் பண்ணணும், அந்த கடக் சத்தமும் சேர்ந்துதான் கேக்கும். ஏன் செத்தான்னு நீங்க தாராளமா கேளுங்க, கேக்கவும் வேணும், டெல்லியில கேளுங்க. அந்த அம்மா வீட்டு வாசல்ல அன்னைக்கு கேக்க முடியாது.

அம்மாடி, உனக்கு பதில் சொல்றதுக்கு என்கிட்ட நியாயம் எதுவும் இல்ல. நான் பார்த்ததை மட்டும் சொல்றேன், கொஞ்சம் பெருசா இருக்கும்.

மூணாவது ஊர். ஜூலை வெயில், மவுத்பீஸ் உதட்டுல வைக்க முடியாத சூடு, பாக்கெட்ல ஈரத்துணி சுத்தி வச்சிருந்தேன். ட்ரக் நின்னதும் அந்த தாய் பெட்டி மேல விழுந்து "திறந்து காட்டு, எம்புள்ளையான்னு நான் பாக்கணும்"னு கேக்குது. எங்க பார்ட்டிக்கு பெரியவரான சுபேதார் சாப் என்னைப் பார்த்தார். திறக்கக் கூடாதுன்னு யூனிட்ல இருந்து எழுதி வந்திருக்கு, உள்ள இருக்கற நிலைமை அப்படி. அதை தமிழ்ல அந்த அம்மாகிட்ட நான்தான் சொல்லணும். பிகிலை கக்கத்துல வச்சிட்டு மண்ணுல உக்காந்து சொன்னேன். என் கையைப் புடிச்சிட்டு "நீ பாத்தியா, நீ பாத்தியா"ன்னு கேட்டுச்சு. நான் பார்க்கல. பார்த்தேன்னு சொன்னேன். முகம் நல்லா இருந்துச்சும்மான்னு சொன்னேன். அது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

அப்புறம் லாஸ்ட் போஸ்ட், பிகில்ல ஊதுற வழியனுப்பு ராகம். ஊதி முடிச்சா ரெண்டு நிமிஷ மௌனம், சோக் சஸ்த்ர்ங்கிற துக்க மரியாதையில எல்லாரும் ரைஃபிளை தலைகீழா நிறுத்தி அதுமேல கையை வச்சு தலை குனிஞ்சு நிப்பாங்க. ஆனா நம்ம ஊர்ல மௌனம் எங்க வரும், ஒப்பாரி நிக்கவே இல்ல. பொம்பளைங்க வட்டமா உக்காந்து, அவன் ஸ்கூல் போனது, காளை மாடு மேய்ச்சது, லீவுல வந்தப்போ ஓட்டு வீட்டுக்கு மேல் கூரை மாத்தறேன்னு சொல்லிட்டுப் போனது எல்லாத்தையும் பாட்டா பாடுறாங்க. மத்தவங்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரியுது, கண்ணைத் துடைக்க முடியாது, அடுத்து மௌனத்தை முடிக்கிற ரவுஸ் ராகம் ஊதணும், தொண்டை அடைச்சா நோட் உடைஞ்சிரும். அன்னைக்கு உடைஞ்சுது. அந்த உடைஞ்ச நோட்டை இப்பவும் தூக்கத்துல கேக்குறேன்.

திராஸ்_99
பார்த்தேன்னு சொன்னது தப்பு இல்லண்ணே. எஸ்கார்ட்டா போனப்போ நானும் அதேதான் சொன்னேன். நான் பார்த்திருந்தேன், ஆனா நான் சொன்னது பார்த்ததை இல்ல.

வரலாறு_செல்வா
பிகிலர் ஐயா, நீங்க எழுதினத படிச்சதும் பதில் போட கொஞ்ச நேரம் ஆச்சு. ஆனாலும் கேமரா பத்தி நான் சொன்னது அப்படியேதான் நிக்குது. அந்த அம்மா மண்ணுல உக்காந்து கேட்டதை சுத்தி நின்னு எத்தனை பேர் படம் எடுத்தாங்க?

பழைய_பிகிலர்
அங்க ரெண்டு பேர். வேற ஊர்ல இன்னும் அதிகம். கொடி மேல மாலை போட வந்தவங்க போஸ் கொடுக்க நின்னதும் நடந்துச்சு. கொடியில காவி தலைப்பக்கம் இருக்கணும், சிதைக்கோ குழிக்கோ போறதுக்கு முன்னாடி எடுத்திரணும், கொடி எரியவும் கூடாது புதையவும் கூடாது. மாலை முழங்கால் உயரத்துக்கு குவிஞ்சிருச்சுன்னா அதுக்கு அடியில இருந்து கொடிய கிழியாம உருவி எடுக்கறது பெரிய பாடு. ஒரு ஊர்ல சாமந்திச் சாறு வெள்ளைப் பட்டையில கறையா இறங்கிருச்சு, சுபேதார் சாப் அதை மடிக்கும்போது கறை உள்பக்கமா போற மாதிரி மடிச்சு அந்த பையனோட சம்சாரம் கையில கொடுத்தார். இதெல்லாம் எவனும் படம் எடுக்கல.

ஏழு_வயசுல
எங்க வீட்டு கொடியும் பீரோவுல இருக்கு. நான் இதுவரைக்கும் பிரிச்சுப் பார்த்ததில்ல, அம்மா விட மாட்டாங்க.

ஒன்னு கேக்கணும் சார். சுடுறதுக்கு முன்னாடி வீட்டுல கேக்க முடியாதா? குழந்தைங்க இருக்கா, சொல்லிட்டீங்களான்னு ஒரு வார்த்தை? மரியாதையே வேணாம்னு நான் சொல்லல. ராஜா சார் சொல்ற மாதிரி எல்லாத்தையும் எடுத்துட்டா எங்க அப்பா ஏதோ ஆக்சிடெண்ட்ல போன மாதிரி ஆயிடும். ஆனா அது யாருக்காகன்னு செய்றவங்களுக்கு தெரியணும்ல.

பழைய_பிகிலர்
கேக்கலாம்மா. அப்போ எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல, மணல் மூட்டைய பெட்டியில போட்டு தூக்கிப் பழக சொன்னாங்க, காலை எப்படி வைக்கணும்னு சொன்னாங்க, வீட்டுல குழந்தை இருந்தா என்ன செய்யணும்னு சொல்லல. அஞ்சாவது ஊர்லதான் எனக்கே உறைச்சுது. ஒரு சின்னப் பையன் ஃபயரிங் பார்ட்டி பக்கத்துலயே நின்னான், நான் போய் சாப்கிட்ட சொன்னேன், அவர் பார்ட்டிய அப்படியே கண்மாய்க் கரைக்கு தள்ளி நிறுத்தினார், பையனை நான் தூக்கி வச்சிட்டு "இப்போ சத்தம் வரும், உங்கப்பாவுக்கு அவர் ஃப்ரெண்டுங்க டாட்டா சொல்றாங்க"ன்னு சொன்னேன். என் தோள்ல முகத்தை வச்சிக்கிட்டான். அடுத்த நிமிஷம் அவனை மாமாகிட்ட கொடுத்துட்டு ஓடிப்போய் பிகிலை எடுத்தேன்.

உங்க ஊருக்கு வந்தவங்க கேக்காம விட்டதுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது, ஆனா முதல் நாலு ஊர்ல நானும் கேக்கல.

கேள்வி_ராஜா
தங்கச்சி, ஆக்சிடெண்ட் மாதிரி ஆயிடும்னு நீங்க சொன்னது எனக்கு நல்லா உறைக்குது. எடுத்துடணும்னு சொன்னதை வாபஸ் வாங்குறேன். மந்திரி வரக்கூடாதுங்கிறத வாபஸ் வாங்க மாட்டேன்.

திராஸ்_99
அண்ணே, அந்த சேர் விஷயத்துல எனக்கு இன்னும் சம்மதம் இல்ல, நேரா சொல்லிடுறேன். மேல இருந்தவங்க வரிசை மேல இருந்தவங்களுக்குத்தான். ஆனா மைக்ல "சாவுக்கு பிகில் ஊதினவர்"னு சொன்னாரே, அவர் எந்த பெட்டி கூடவாச்சும் ஒரு ஊருக்கு போயிருப்பாரான்னு எனக்கு சந்தேகம். எங்க பையனுக்கு ஊதினது யாருன்னு எனக்கு தெரியாது, முகம்கூட ஞாபகம் இல்ல. அன்னைக்கு நோட் உடையல, முழுசா வந்துச்சு, அது மட்டும் ஞாபகம் இருக்கு. 99 ஜூலை கடைசி வாரம், ஆத்தங்கரை சுடுகாடு, பக்கத்துல ஒரு பெரிய புளியமரம். நீங்களா?

பழைய_பிகிலர்
இல்ல தம்பி. நான் போன ஆறு ஊர்லயும் ஆறு இல்ல.